பேச்சே இல்லாத மௌனப் படத்துக்குத் திரைக்கதை எழுத்தாளர் எதற்கு? மௌனப் படக் காலத்தில் அமெரிக்காவில் திரைக்கதை எழுதிய சோனியா லெவியன் அப்படி என்ன எழுதினார்?

மௌனப் படத் திரைக்கதை என்றால் எந்தக் காட்சிக்கு அப்புறம் எது, யார் என்ன செய்கிறார், நடுவே திரையில் என்ன எழுத்து வரும் என்ற திட்டம். தையல்காரர் துணியில் போடும் சாக்பீஸ் கோடு மாதிரி: சட்டையில் தெரியாது, அது இல்லாமல் கத்தரி வைக்க முடியாது.

அப்போது சினிமா புதுத் தொழில், பெரிய மதிப்பும் கிடையாது, அதனால் பெண்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தே இருந்தது. 1888இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக நியூயார்க் வந்த லெவியன் சட்டம் படித்தார், ஆனால் வக்கீல் தொழிலில் நிலைக்கவில்லை, பத்திரிகை வேலைக்குப் போய் அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். யூதக் குடியேறிகளின் நெரிசலான தெருக்களைக் காட்டும் 'சலோமி ஆஃப் தி டெனமென்ட்ஸ்' (1925) அவர் திரைக்கதைதான்.

பேசும் படம் வந்ததும் இந்த மௌனப் பட எழுத்தாளர்களெல்லாம் காணாமல் போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லெவியன், வில்லியம் லுட்விக் என்ற இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கியதே 1955இல் வந்த பேசும் படத்துக்கு, அதுவும் அறுபது தாண்டிய வயதில்.