கையெழுத்துப் போடுவதற்கு முன்: கட்டடப் பொறியாளர் கேள்வி-பதில்

வீடு கட்டுகிறவர்களும் கட்டித் தருகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் பொறியாளர் குழுவின் பதில்கள்.

தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீடு. 9 ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் கட்டியது. மேலே இன்னொரு தளம் எடுக்க வேண்டும், “கட்டடம் தாங்கும்” என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்கிறார் உரிமையாளர். பழைய வரைபடம் எதுவும் இல்லை. எனக்குத் தொடர்ந்து வேலை தருகிறவர் என்பதால் மறுக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
*– இளம் பொறியாளர், ஈரோடு*

மறுக்க வேண்டியதில்லை. கடிதம் தருவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெறும் கையெழுத்துதான் வேண்டும் என்றால் அவரே வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

எதைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு சின்னக் கணக்கிலேயே விளங்கும். தூண்களுக்கு இடையே 3 மீட்டரும் 4 மீட்டரும் உள்ள வீட்டில் ஒரு நடுத்தூணை எடுத்துக்கொள்வோம். 125 மி.மீ. தளம், அதன் மேல் டைல்ஸ், பூச்சு, புழங்கும் சுமை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ. அந்தத் தூண் சுமக்கும் 12 சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் வரும். 3 மீட்டர் உயரமுள்ள 9 அங்குலச் செங்கல் சுவர், ஓடும் மீட்டருக்கு 1.4 டன் அளவில் இருக்கும். கதவு, ஜன்னல் போக 7 மீட்டர் சுவருக்கு 9 டன் வைத்துக்கொள்ளலாம். பீம், தூண் எடையையும் கூட்டினால் ஒரு தளத்துக்கு 17, 18 டன் ஆகிறது.

மண்ணின் பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன் என்றால், 5 அடிக்கு 5 அடி ஃபுட்டிங் (தூணுக்குக் கீழே மண்ணில் அமரும் கான்கிரீட் அடித்தளம்) 35 டன் வரை பார்த்துக்கொள்ளும். இருக்கிற இரண்டு தளங்களே அந்த அளவைத் தொட்டுவிட்டன. மூன்றாவது தளம் வந்தால் 52 டன்னைத் தாண்டும். ஃபுட்டிங் 6 அடிக்கு மேல் சதுரமாக இருந்தாக வேண்டும். மேலே இருந்து பார்த்தால் தூண் பருமனாகத்தான் தெரியும், கீழே என்ன இருக்கிறது என்று தோண்டாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு மூலைத்தூண், ஒரு நடுத்தூண் இரண்டையுமாவது ஃபுட்டிங் அடிவரை தோண்டி, நீளம், அகலம், கனம், ஆழம் அளக்க வேண்டும். நடுத்தூணுக்கு வீட்டுக்குள் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். உரிமையாளர் முகம் சுளிக்கும் இடம் இதுதான். சுமை அதிகம் இறங்குவது அங்கே என்பதால் விட்டுக்கொடுக்காதீர்கள். மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். தூணில் கம்பி எத்தனை, ரிங் (கம்பிகளைச் சுற்றிய வளையம்) இடைவெளி எவ்வளவு என்று கம்பி காட்டும் கருவியால் பாருங்கள். கம்பியின் பருமனை மட்டும் ஓரிடத்தில் கவரை (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை)க் கொத்திக் காலிப்பரால் அளந்துவிடுங்கள்.

ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் கருவி) அடித்து வரும் எண்ணை மட்டும் நம்பி எழுதுவது பலரும் செய்கிற தவறு. அது அளப்பது மேற்பரப்பின் கடினத்தை. பழைய கான்கிரீட்டில் காற்றுப் பட்டு மேல்தோல் இறுகியிருக்கும், எண் கூடுதலாகவே காட்டும். குறைந்தது மூன்று கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதிப்பதே வழி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி, கோர்களின் சமான கியூப் வலிமை (சோதனைக்காக வார்க்கும் கனசதுரக் கட்டியின் வலிமைக்கு மாற்றிய அளவு) சராசரியாக அந்த கிரேடின் (கான்கிரீட்டுக்குக் குறித்த வலிமைத் தரத்தின்) 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கோரை எங்கே எடுப்பது, ஓட்டையை எதனால் அடைப்பது என்பதைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

முடிவு பாதகமாக வந்தாலும் வழி இருக்கிறது. சுவரை 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கில் (எடை குறைந்த கான்கிரீட் கல்லில்) கட்டி, கூரைக்கு ஷீட் போட்டால் புதிய தளத்தின் சுமை பாதிக்கும் கீழே வந்துவிடும். அதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். இப்படி மாற்றுவழியோடு போனால் வாடிக்கையாளர் உறவு கெடுவதில்லை.

அறிக்கையில் எந்தத் தூண்களைத் தோண்டினீர்கள், எவற்றைப் பார்க்கவில்லை, எந்தத் தளத்துக்கு, எந்தச் சுவர்ப் பொருளுக்கு இந்தக் கருத்து பொருந்தும் என்று எழுதுங்கள். “கட்டடம் பாதுகாப்பானது” என்ற ஒற்றை வரி வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கைதானவர்களில் கட்டுநர் மட்டுமல்ல, பொறியாளர்களும் இருந்தார்கள்.

பத்திரிகைகளில் “பொறியாளர் மேற்பார்வை அவசியம்” என்று எழுதுகிறீர்கள். எங்கள் பொறியாளர் எந்தெந்த நாளில் நேரில் வர வேண்டும் என்று நான் கேட்கலாம்?
*– வாசகி, நாமக்கல்*

தினமும் வரச் சொல்ல வேண்டாம், வந்தாலும் பயனில்லை. மூடிவிட்டால் திரும்பப் பார்க்க முடியாத வேலைகளுக்கு முன் அவர் வந்தாக வேண்டும். மார்க்கிங் அன்று மூலைவிட்டங்களை அளந்து சதுரம் சரிபார்க்க. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி முடித்ததும், பி.சி.சி. (குழியின் அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) போடுவதற்கு முன் மண்ணைப் பார்க்க. ஃபுட்டிங் கம்பியும் தூண் கம்பியும் நிறுத்திய பிறகு. பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) கம்பிக்கு. தளத்துக்கு, கான்கிரீட் போடும் முந்தைய நாளும் போடும் அன்றும். இந்த நாள்களை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கான்கிரீட் தேதியை இரண்டு நாள் முன்பே அவருக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு மிக்ஸர் வந்த பிறகு போன் செய்தால் எந்தப் பொறியாளரும் “சரி, போடுங்கள்” என்றுதான் சொல்வார்.

முந்தைய நாளே ஏன் வர வேண்டும் என்பதற்கு பால்கனி ஒன்றே போதும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். 125 மி.மீ. கனத் தளத்தில் 20 மி.மீ. கவர் விட்டு மேலே கம்பி கட்டினால், கீழ்விளிம்பிலிருந்து சுமார் 100 மி.மீ. உயரத்தில் அது வேலை செய்யும். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன் மேல் நடந்து 40 மி.மீ. அமுக்கிவிட்டால் அந்த உயரம் 60 ஆகிவிடும், தாங்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. சென்டரிங் பிரித்த பிறகு சுவரோரம் மேல்பக்கத்தில் நீளவாக்கில் விரிசல் விடும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சேர் கம்பிகள் மீட்டருக்கு ஒன்றாவது இருக்கின்றனவா, நடப்பதற்குப் பலகை போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். தூணின் ரிங் முனைகள் உள்பக்கம் 135 பாகையில் மடிந்திருக்க வேண்டும். வெறும் 90 பாகை மடிப்பு என்றால் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

வந்து பார்த்ததை அவர் எழுதிவைக்க, சைட்டில் பக்க எண் போட்ட ஒரு நோட்டு இருக்கட்டும். “கவர் பிளாக் வைத்த பிறகு போடலாம்” என்று அவர் எழுதிக் கையெழுத்திட, மேஸ்திரி படித்துக் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்ஆப் படம் கூடுதல் சாட்சி, நோட்டுக்கு மாற்றாகாது.

சதுர அடி ரேட்டில் முழு கான்ட்ராக்ட் விட்டோம். ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த பொறியாளரே வரைபடமும் போட்டார். இப்போது “எக்ஸ்ட்ரா” என்று பெரிய பில் வந்திருக்கிறது. பொறியாளரோ ஒப்பந்தக்காரர் சொல்வது சரி என்கிறார். அவர் யார் பக்கம்?
*– வாசகர், தஞ்சாவூர்*

அவருடைய கட்டணத்தை யார் தருகிறார்கள் என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர் அவருடைய வேலையை நடத்திக்கொடுப்பவர். அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் சார்பில் அளந்து பில்லைச் சரிபார்க்க அவரை நம்ப முடியாது. அதற்கு நீங்களே பணம் கொடுத்து வேறொரு பொறியாளரை இரண்டு நாள் அமர்த்துங்கள்.

அந்தப் பொறியாளர் பில்லை மூன்றாகப் பிரிப்பார். ஒன்று, மண் காரணமாக வந்தது. 5 அடியில் ஃபுட்டிங் என்று ரேட் பேசியிருக்க, அங்கே களிமண் வந்து 7 அடி போயிருந்தால், தோண்டும் கூலி, கூடுதல் 2 அடித் தூண், அதன் கம்பி, மேல் நிரப்பும் மண் எல்லாம் நியாயமான கூடுதல். குழி திறந்திருந்தபோது அளந்து யாராவது குறித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு, நீங்கள் கேட்டு மாற்றியது: கூடுதல் லாஃப்ட், டைல்ஸ் தரம், ஸ்விட்ச் பாயிண்ட். இவற்றுக்கும் கொடுத்தாக வேண்டும், ஆனால் வித்தியாசத்தை மட்டும். 50 ரூபாய் டைல்ஸ் ரேட்டில் அடங்கியிருக்க 80 ரூபாய் டைல்ஸ் எடுத்தால், தர வேண்டியது 30. மூன்றாவது வகை, முதலிலேயே பேசாமல் விட்டது: சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மாடிப்படித் தலைப்பு, போர்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா என்பது. சண்டை எப்போதும் இங்கேதான். எழுத்தில் இல்லையென்றால் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

இனி பாக்கி இருக்கும் வேலைக்காவது “எழுத்தில் ஒப்புதல் இல்லாத கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை” என்று ஒரு தாள் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தவணையைத் தேதிக்குக் கட்டாமல் முடிந்த வேலைக்குக் கட்டுங்கள். பேச்சு முறிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான்.

கம்பிக் கடையில் பொறியாளருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டாம். வாங்கலாமா?
*– டிப்ளமோ பொறியாளர், திண்டுக்கல்*

வேண்டாம். கடைக்காரர் தந்தே தீருவேன் என்றால், அந்தத் தொகையை உரிமையாளர் பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கிய கடையிலிருந்து எடைக் குறைவான கம்பி வந்து இறங்கினால் உங்களால் திருப்பி அனுப்ப முடியாது. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

எம் 25 (வலிமை 25 வர வேண்டிய) கான்கிரீட் தளத்துக்கு எடுத்த கியூப், 28 நாளில் சராசரி 19 தான் வந்திருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியாது. “வேறு கியூப் வைத்து ரிப்போர்ட் வாங்கிவிடலாம்” என்கிறார் ஒப்பந்தக்காரர். நான் அவரிடம் சம்பளம் வாங்கும் சைட் பொறியாளர்.
*– கோவை*

மாற்று கியூப் வைப்பது மோசடி. அந்த ரிப்போர்ட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது.

முதலில், கியூப் கான்கிரீட்டின் உண்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக, அடுக்குக்கு 35 குத்து குத்தியிருந்தார்களா? மறுநாள் பிரித்துத் தண்ணீரில் போட்டார்களா, அல்லது வெயிலில் கிடந்ததா? மூன்று கியூப்களும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்கின்றனவா? கரணை போட்டுத் தேய்த்த மேல்முகத்தில் சுமை ஏற்றியிருந்தாலும் அளவு தப்பாக வரும். பக்கவாட்டு முகத்தில்தான் ஏற்ற வேண்டும். லாரியில் வந்த கான்கிரீட்டுக்குப் பம்ப் இழுக்கவில்லை என்று சைட்டில் தண்ணீர் ஊற்றினார்களா என்றும் விசாரியுங்கள். இந்த மாதிரி முடிவுகளுக்குப் பெரும்பாலும் அப்படி ஊற்றிய தண்ணீர்தான் காரணம்.

இந்த விசாரணை நடக்கும்போதே இரண்டு காரியம் உடனே செய்ய வேண்டும். முட்டுக் கம்புகள் இன்னும் இருந்தால் பிரிக்காதீர்கள். பிரித்தாயிற்று என்றால் திரும்ப நிறுத்தி, மேலே செங்கல் அடுக்குவதை நிறுத்துங்கள். அடுத்து, உங்கள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன எண், உரிமையாளருக்கும், தளத்தின் வலிமைக் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சுரல் பொறியாளருக்கும் சொல்ல வேண்டும் என்று. அவர் சொல்லவில்லை என்றால், அந்தக் கட்டடத்தில் குடியேறப் போகிறவர்களுக்காக நீங்களே ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். வேலை போகலாம்தான். கடிதத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியூப் தோற்றது என்பதாலேயே தளத்தை இடிக்க வேண்டியதில்லை. கோர் எடுத்துப் பார்க்கலாம். அதுவும் குறைந்தால், கிடைத்த வலிமையை வைத்து வடிவமைப்பாளர் மறுபடி கணக்குப் போடுவார். சின்ன அறைகளில் பலசமயம் தேறிவிடும். சந்தேகம் தீராவிட்டால் சுமைச் சோதனை உண்டு. தளத்தின் முழுச் சொந்தச் சுமையோடு புழங்கும் சுமையின் 1.25 மடங்கை மணல் மூட்டைகளாக 24 மணி நேரம் ஏற்றி, தொய்வை அளந்து, இறக்கிய பின் 24 மணி நேரத்தில் அந்தத் தொய்வில் 75 சதவீதமாவது மீள்கிறதா என்று பார்ப்பார்கள். உரிமையாளரிடம் போகும்போது இந்த வரிசையையும், சோதனைச் செலவு ஒப்பந்தக்காரருடையது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும்.

கட்டணத்தில் பாதி பாக்கி. கேட்டால் “வீடு முடியட்டும்” என்கிறார் உரிமையாளர். மீதி வரைபடங்களை நிறுத்திவைக்கலாமா?
*– ஸ்ட்ரக்சுரல் பொறியாளர், திருநெல்வேலி*

நிறுத்தலாம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு சதவீதம் என்று முதலில் எழுதியிருந்தால் இன்னும் தைரியமாக நிறுத்தலாம். ஒரு வாரம் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். விலகிக்கொள்வது என்று முடிவெடுத்தால், அன்று வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று படத்தோடு எழுதி உரிமையாளருக்கும், திட்ட அனுமதியில் உங்கள் கையெழுத்து இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்க்காத மாடிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஏற்கெனவே கொடுத்த வரைபடத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் பாக்கியைக் காட்டிப் பதில் மறுக்காதீர்கள். 5 மீட்டர் அகலத் தளத்தின் முட்டுகளை ஏழாம் நாள் பிரிக்கலாமா என்று மேஸ்திரி போன் செய்தால், 4.5 மீட்டரைத் தாண்டினால் 14 நாள் என்று அப்போதே சொல்லிவிட்டு, அதையே குறுஞ்செய்தியாக உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.