விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: கேள்வி-பதில்

விண்டோஸ் உள்ள லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பதிலிருந்து. டிஸ்க்கின் பகுதியான பார்ட்டிஷனைச் சுருக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் கைவசம் இருப்பது அந்த நகல் மட்டுமே.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஓர் அமைப்பை மாற்றியவுடன் நீலத் திரை எழுந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். நண்பர் ஒருவர் அந்தத் திரையோடு என்னிடம் வந்தார். சாவி அவருடைய பழைய கணக்கு ஒன்றில் இருந்தது. அதன் பாஸ்வேர்டோ அவருக்கு நினைவில்லை. மகளின் குழந்தைப் பருவப் படங்கள் அத்தனையும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. எவ்வளவோ முயன்றும் மீட்க முடியவில்லை. ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த 48 எண்களையும் தாளில் எழுதி, ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

இடம் ஒதுக்க விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டையே பயன்படுத்துங்கள். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள். அன்றாடம் பயன்படுத்துவதாக இருந்தால் 50 ஜிபியாவது கொடுங்கள். பிற்பாடு விரிவாக்குவது பெரிய தொல்லை.

லினக்ஸிலிருந்து 'டி' டிரைவைத் திறக்க முடிகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?

இல்லை. விண்டோஸ் முழுமையாக அணையவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. டிரைவ்களும் பாதி திறந்த நிலையிலேயே நிற்கின்றன. அந்த நேரத்தில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அதை மீறி எழுத வைக்கும் வழிகளைத் தேடாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் சென்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இப்போதே அவசரமாக வேண்டுமென்றால், விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வாருங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்ளும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது.

மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

உபுண்டு போட்ட பிறகு தொடக்கப் பட்டியலில் விண்டோஸைக் காணவில்லை. அழிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், எதையும் மறுபடி நிறுவவும் வேண்டாம். கணினியை இயக்கியதும் எஃப்12 அல்லது உங்கள் மாடலுக்குரிய விசையை அழுத்தி பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தெரிந்தால், பெரும்பாலும் கிரப்பின், அதாவது எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று தொடக்கத்தில் கேட்கும் லினக்ஸ் நிரலின், பட்டியலில்தான் குறை. 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து கிரப் மற்ற இயங்குதளங்களைத் தானாகத் தேடுவதில்லை. அதன் அமைப்புக் கோப்பில், மற்ற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' நிரலுக்கான தடையை நீக்கிவிட்டுப் பட்டியலைப் புதுப்பியுங்கள். அப்படியும் வரவில்லையென்றால், ஒன்றை யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையிலும் மற்றதைப் பழைய லெகசி முறையிலும் நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் கண்டவரை பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

லினக்ஸை நீக்க, அதன் பார்ட்டிஷனை அழித்தால் போதுமா?

வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். விண்டோஸ் நேரடியாகத் திறப்பதை உறுதிசெய்துகொண்டு, அதன்பின் அழியுங்கள். மாற்றிச் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரிதான் நிற்கக்கூடும்.

4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் சரிவருமா?

திணறும். இரண்டு இயங்குதளங்களும் அந்த 4 ஜிபியை ஒரே நேரத்தில் பங்குபோட வேண்டியிருக்கும். உங்களுக்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கும் டூயல் பூட்தான் நல்லது.