பறவைகளைப் பிடிக்கும், அது போதுமா? – கானுயிர்த் துறை பற்றிச் சில கேள்விகள்

பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். பறவைகள் என்றால் உயிர். விலங்கியல் எடுப்பதா, வனவியலா, சுற்றுச்சூழல் அறிவியலா?

எதை எடுத்தாலும் பரவாயில்லை. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். சூழலியல், பரிணாமம், புள்ளியியல் மூன்றும் இருக்கின்றனவா, களப்பணி உண்டா என்று விசாரியுங்கள். தாவரவியலை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு காட்டில் இருவாச்சிப் பறவை ஏன் இருக்கிறது, பக்கத்துக் காட்டில் ஏன் இல்லை என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மரங்களில்தான் கிடைக்கும். பழம் கொடுக்க அத்தி வேண்டும், முட்டையிடப் பொந்து விழுந்த பெருமரம் வேண்டும்.

கல்லூரி தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், காற்று, மழை, எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். ஒன்றுமே தென்படாத நாளையும் எழுதத்தான் வேண்டும். "பறவை பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். இப்படி ஒரு நோட்டோடு வருபவர்கள் குறைவு. நான் ஆள் எடுப்பதாக இருந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.

கணக்குக்குப் பயந்துதான் உயிரியல் பக்கம் வந்தேன். சூழலியலில் புள்ளியியலைத் தவிர்க்க முடியுமா?

முடியாது. ஆனால் நீங்கள் பயப்படும் கணக்கு இது அல்ல.

ஒரு பாதையில் போன ஆண்டு 20 பறவைகளைப் பார்த்தீர்கள், இந்த ஆண்டு 12. பறவை குறைந்துவிட்டதா? காற்று பலமாக இருந்திருக்கலாம். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருக்கலாம். போன ஆண்டு வேறு ஒருவர் எண்ணியிருக்கலாம். காட்டில் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம். பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று மதிப்பிடுவதற்குத்தான் புள்ளியியல்.

மிக எளிய வழி, பிடித்து அடையாளமிட்டு மீண்டும் பிடிப்பது. 40 பறவைகளுக்கு வளையம் மாட்டி விடுகிறீர்கள். அவை கூட்டத்தோடு கலந்தபின் மறுபடி 50 பறவைகளைப் பிடிக்கிறீர்கள். அதில் 10 பறவைகளின் காலில் வளையம் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் முதலில் வளையமிட்ட 40-ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கொள்ளலாம். மொத்தம் சுமார் 200. இதைப் புரிந்துகொள்ளப் பெருக்கலும் வகுத்தலும் போதும். சிக்கல் அதற்கு அடுத்தபடியில் வருகிறது. இடையில் சில பறவைகள் செத்திருக்கலாம், புதிதாகச் சில வந்திருக்கலாம், ஒருமுறை வலையில் சிக்கியவை உஷாராகி ஒதுங்கியிருக்கலாம். இந்த ஓட்டைகளையெல்லாம் அடைக்கத்தான் பெரிய சூத்திரங்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்தவருக்குச் சூத்திரம் மிரட்டாது. கணக்குப் போடுவதற்கு 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

ஒரு தனிமனிதரின் வேலையால் ஓர் இனம் பிழைத்திருக்கிறதா? அல்லது இதெல்லாம் மனத்திருப்திக்கா?

பிழைத்திருக்கிறது. மொரீஷியஸ் தீவின் வல்லூறு இனத்தில் 1974-ல் காட்டில் அறியப்பட்டவை நான்கே. கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் அங்கே போய், கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். முதல் ஈட்டு முட்டைகள் போனதும் தாய்ப்பறவை மறுபடி முட்டையிடும், அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்டார். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் 1980-ல் கருப்பு ராபின் ஐந்துதான் மிச்சம். அவற்றில் இனப்பெருக்கம் செய்த பெண் பறவை ஒன்றே ஒன்று. டான் மெர்டன் குழுவினர் அதன் முட்டைகளை வேறொரு சிறு பறவையின் கூட்டில் வைத்து வளர்த்தார்கள். இன்று 200-க்கு மேல் இருக்கின்றன.

ஆனாலும் இந்த நாயகக் கதைகளைவிட எனக்குப் பாறுக் கழுகின் கதைதான் முக்கியம். தெற்காசியாவில் 1990-களில் பாறுகள் மளமளவென மறைந்தன. நோயா, விஷமா என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் 1980-களில் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். அந்தப் பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் வீழ்ச்சியை உறுதியாகச் சொல்ல முடிந்தது. 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காரணத்தை வெளியிட்டது: மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடுத்தன. மாற்றாக மெலாக்சிகம் பரிந்துரைக்கப்பட்டது. கூடு எண்ணியவர், பிணப் பரிசோதனை செய்தவர், மருந்து ஆய்ந்தவர் என்று எத்தனை பேர் பாருங்கள். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் நடந்திருக்காது.

வேலை கிடைக்குமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கிடைக்கும், ஆனால் ஆரம்பத்தில் துண்டு துண்டாக. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். ஒரு ஆய்வுத் திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். பல்கலைக்கழகம், வனத்துறை, அருங்காட்சியகம், தொண்டு நிறுவனங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. காற்றாலை, அணை, சாலைத் திட்டங்களுக்கு முன் நடக்கும் சூழல் தாக்க மதிப்பீட்டிலும் பறவைகளை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். காசு வாங்காமல் மாதக்கணக்கில் உழைக்கச் சொல்லும் 'பயிற்சி'களைத் தவிருங்கள். அனுபவம் என்ற பெயரில் அது சுரண்டல்.

எனக்குக் கண்பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. களப்பணி சரிப்படுமா?

காது நன்றாக இருக்கிறதா? அடர்ந்த காட்டில் விடிகாலைக் கணக்கெடுப்பில் பெரும்பாலான பறவைகள் குரலாகத்தான் பதிவாகின்றன. நாளுக்கு ஒரு குரல் என்று பழகுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள், அதுவும் தவறும்.

பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஆய்வுக்குப் போயிருக்கலாமோ என்ற ஏக்கம் போகவில்லை. காடும் பக்கத்தில் இல்லை.

பறவைகளுக்கு முறையாக வளையமிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? மோர்டென்சன் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியர். துத்தநாக வளையம் கனமாக இருந்ததால் கைவிட்டு, 1899-ல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்குகளின் காலில் மாட்டினார். வலசையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதிலிருந்து வளர்ந்தது. ஆசிரியருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இருப்பார். மூன்று ஆண்டு நிதியில் ஓடும் ஆய்வாளருக்கு அது கிடைக்காது. பள்ளி மைதானத்தில் மாணவர்கள் வாரம் ஒருநாள், அதே நேரத்தில், அதே 15 நிமிடம் எண்ணட்டும். சில ஆண்டுகளில் அந்தப் பதிவுக்கு மதிப்பு வந்துவிடும்.

வகுப்புக்குள் செய்ய ஒன்று: கூகை கக்கிய உருண்டை. பழைய கட்டடங்களில், கூகை அடையும் இடத்துக்கு நேர்கீழே, கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பலாகக் கிடக்கும். ஓவனில் சூடாக்கிக் கிருமி நீக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கையுறையோடு இடுக்கியால் பிரிக்கச் சொல்லுங்கள். ரோமத்துக்குள்ளிருந்து முழு மண்டை ஓடுகள் வரும். ஆந்தைக்கு எலும்பு செரிக்காது. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் எலி. இடைவெளியின்றிக் கூரிய பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. கீழ்த்தாடை இடம், வலம் என்று இரண்டு பாதிகளாகப் பிரிந்து கிடக்கும்; ஓர் உருண்டையில் அப்படி எத்தனை பாதிகள் என்று எண்ணி இரண்டால் வகுத்தால், கூகை தின்றது எத்தனை என்று தெரிந்துவிடும். உணவுச்சங்கிலியைப் படம் போட்டு நடத்தும் பாடம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் எடுக்க ஆசை. தவறா?

நீங்கள் வந்ததும் தாய் இரையை அலகில் வைத்துக்கொண்டே கூட்டுக்குப் போகாமல் தயங்குகிறது என்றால், உடனே விலகிவிடுங்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள், இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். இனப்பெருக்க காலத்தில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். 10x வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.