வீட்டை விற்றுவிட்டு வண்டியில் குடியேறலாமா?

கேள்வி: அவருக்கு 64, எனக்கு 61. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறையோடு கூடிய வீட்டு வண்டி) வாங்கி அமெரிக்கா முழுக்கச் சுற்ற ஆசை. சரிவருமா?
- வாசகி, டாலஸ்

பதில்: வரும், ஆனால் வீட்டை இப்போதே விற்காதீர்கள். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள், கழிவறைத் தொட்டிக் குழாயைக் கையுறை மாட்டி இருவரும் மாறி மாறிக் கழற்றிய பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அப்புறம் பேசலாம். (பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கடைசியில் திறந்துவிடுங்கள், குழாய் அலசினாற்போல் ஆகிவிடும்.) அவருக்கு 65இல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரும், உங்களுக்கு இன்னும் 4 வருடம், அதுவரை காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜைவிட, அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேரே வசதி. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் அவர் இப்போதே 80 டாலருக்கு தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள்கால சீனியர் பாஸ் வாங்கலாம். தாளிப்பை மட்டும் வெளியே அடுப்பு வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தலையணையெல்லாம் பெருங்காயம்தான்.