அம்மா நன்றாக நடக்கிறார், 28 நாளும் ஊசி போட வேண்டுமா?

கேட்டிருப்பது இது: கருப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து அம்மா வீடு திரும்பிவிட்டார், நன்றாக நடக்கிறார், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை, சிங்கப்பூரில் தோ பாயோ வீட்டில் அம்மாவுக்குத் தினமும் ஊசி போட்ட மகள். பன்னிரண்டாம் நாள் அம்மா கேட்டார்: "மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றேன், இன்னும் எதுக்குடி ஊசி?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

தாதிக்குப் போன் போட்டேன். படுத்தே கிடந்தால் கால் ரத்தம் தேங்கும், அது ஒன்று. இடுப்புக்குள் கத்தி பட்டதால் அங்குள்ள ரத்தக்குழாய்களுக்குக் காயம். போதாததற்குப் புற்றுநோயே ரத்தத்தைச் சட்டென்று உறைய வைக்கும். நடந்தால் சரியாவது இதில் முதலாவது மட்டும்தான் என்றார். 28 நாள் கணக்கும் சும்மா வந்ததல்ல. வயிறு, இடுப்புப் புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், ஒரு வாரம் போல ஊசி போட்டு நிறுத்தியவர்களில் 12 சதவீதத்தினருக்கு ரத்தக்கட்டி இருந்தது. நான்கு வாரம் போட்டவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் வலி, வீக்கம் எதுவும் இல்லாமல், படம் எடுத்துத் தேடியதில் தெரிந்தவை. அதாவது, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அம்மா சொல்வதை மட்டும் நம்ப முடியாது.

அம்மாவுக்குப் போட்ட ஊசி மருந்து எனாக்ஸாபாரின், 40 மில்லிகிராம், தினம் ஒன்று. முதல் இரண்டு நாள் சிரிஞ்சில் இருந்த காற்றுக்குமிழியை வெளியே தள்ளினேன், போட்ட இடத்தைத் தேய்த்தும் விட்டேன். வயிறெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போனது. இரண்டுமே தப்பாம். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, சதையைப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். ஒருநாள் இடது பக்கம், மறுநாள் வலது. போட்டு முடித்த ஊசிகளெல்லாம் பழைய மைலோ டின்னுக்குள்.

இன்னொன்று. இந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா இதே ஆபரேஷனுக்குப் போனபோது முன்கூட்டியே சொல்லிவிட்டார். டாக்டர் ஊசிக்குப் பதிலாக அபிக்ஸபான் மாத்திரை, 2.5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை கொடுத்தார். சிறுநீரகம், மற்ற மருந்துகளைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்கால் வலித்தாலோ, நம் வீட்டுப் பழக்கத்தில் கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போகாதீர்கள். அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995.