தேசிய விருது நடிகர்களில் வருஷத்துக்கு ஒரே ஒருவர்: கேள்வி பதில்

நடிப்புக்குத் தேசிய விருது 1967-ஆம் வருஷப் படங்களிலிருந்து கொடுக்கிறார்கள். முதலில் சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று இரண்டே பேர். 1984-லிருந்து துணை நடிகர், துணை நடிகையும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு பழக்கம். அந்தந்த வருஷம் விருது வாங்கியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களில் ஒரே ஒருவரை நோட்டில் எழுதி வைப்பேன். இருவருக்குப் பாதிப் பாதி கிடையாது. விருது வாங்காதவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஆட்டத்தில் இல்லை. வருஷம் என்றால் படத்தின் வருஷம், விழா நடந்த வருஷம் இல்லை. இனி நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: சார், எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அழுகையா, வசனமா, மேக்கப்பா?

எந்தக் காட்சிக்காக எல்லோரும் அந்த நடிப்பைப் புகழ்கிறார்களோ, அதை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவேன். அதற்கு முன்னால் வருகிற, யாரும் பேசாத ஒரு சாதாரணக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். கதவைத் திறக்கிறார், பேருந்துக்கு நிற்கிறார், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த மாதிரி. பெரிய காட்சியில் இசை, கேமரா, எடிட்டிங் எல்லாமே நடிகருக்குத் தோள் கொடுக்கும். சாதாரணக் காட்சியில் அவர் தனி ஆள். அங்கேயும் அந்தப் பாத்திரமாகவே இருந்தால் நோட்டில் பெயர் ஏறும்.

கேள்வி: 1982 மூன்றாம் பிறைதானே? அதிலும் ஸ்ரீதேவிக்குக் கொடுக்காமல் விட்ட அநியாயத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஸ்ரீதேவி விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வருஷம் விருது வாங்கியவர்கள் கமல்ஹாசனும், அர்த் படத்துக்காக ஷபானா ஆஸ்மியும். ஆட்டம் அவர்களுக்குள்தான்.

கமலுக்கு எல்லோரும் சொல்வது கேத்தி ரயில் நிலையத்தை. மழை, நொண்டிக்கொண்டே ஓடுவது, தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு சேஷ்டை. ஷபானாவுக்கு எல்லோரும் சொல்வது, விருந்தில் குடித்துவிட்டுக் கணவனையும் அவனுடைய காதலியையும் எல்லார் முன்னாலும் கிழிக்கிற இடத்தை. இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். அர்த்தின் ஆரம்பத்தில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டிய நிலை. பூஜா அநாதையாக வளர்ந்தவள், சொந்த வீடு என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை. அப்போது கணவன் புது வீட்டுச் சாவியை நீட்டுகிறான். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் கூடுதலாக, கிட்டத்தட்டக் குழந்தை மாதிரி செய்திருப்பார் ஷபானா. முதல் தடவை பார்க்கும்போது மிகை என்று நினைத்தேன். முழுப் படமும் தெரிந்து பார்த்தபோதுதான், விழப்போகிறவர் எவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறார் என்று புரிந்தது. 1982, ஷபானா.

கேள்வி: அண்ணே, அப்படியென்றால் 1987-ஆவது கமலுக்கு உண்டா? நாயகன் ஆச்சே!

தம்பி, கல்லெறியாமல் கேளுங்கள். அந்த வருஷம் சிறந்த நடிகை வீடு படத்துக்காக அர்ச்சனா. என் நோட்டில் அவர் பெயர்தான் இருக்கிறது.

நாயகனில் கமல் செய்தது சின்ன வேலை இல்லை. மகனின் உடலைப் பார்த்து அவர் அழும் அழுகையைப் பிறகு எத்தனை பேர் நகல் எடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். நகல் எடுக்க முடிகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். கிழவரான வேலு நாயக்கரின் தாடையிலும் குரலிலும் இன்னொரு பெரிய நடிகரின் நிழலும் தெரிகிறது.

வீட்டில் அர்ச்சனாவை நகல் எடுக்கவே முடியாது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. சுதா ஆபீஸ் போகிற பெண். தாத்தா, தங்கையோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். காலி செய்யச் சொல்கிறார்கள். (அர்த் மாதிரியே! வாடகை வீடு நம் நடிகைகளுக்கு நிறைய விருது வாங்கிக் கொடுத்திருக்கிறது.) தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்ட ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் படம் முழுக்கக் கணக்கு, கடன், கான்ட்ராக்டர், மழை. கான்ட்ராக்டர் சிமென்ட்டில் கைவைக்கிறான் என்று சித்தாள் மங்கம்மா மூலம் தெரியவருகிறதே, அந்தப் பகுதியைப் பாருங்கள். கோபப்படுவதற்கு முன்னால் அர்ச்சனாவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். இவனை விரட்டிவிட்டால் மீதி வேலையை யார் செய்வது? கோபமும் பயமும் சேர்ந்து வருகிறது, அதுவும் கோபத்துக்கு அரை விநாடி முன்னால் பயம். வீடு கட்டிய எவருக்கும் அந்த அரை விநாடி தெரியும். சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாகச் செய்ததைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். அவருக்கு நடிப்பு விருது இல்லை, அதனால் இங்கே இடமில்லை.

கேள்வி: மூன்று முறை சிறந்த நடிகர் வாங்கிய கமல் உங்கள் நோட்டில் ஒரு தடவைகூட இல்லையா?

இல்லை. 1996-இல் இந்தியன் தாத்தாவுக்கு எதிரே மாச்சிஸ் படத்தின் தபு நின்றார், தபுவை எழுதினேன். கமலின் உச்சம் என்று நான் நினைப்பது மகாநதி. அதற்கு நடிப்பு விருது கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: 1971?

ரிக்ஷாக்காரன் எம்.ஜி.ஆர்., ரேஷ்மா அவுர் ஷேரா வஹீதா ரஹ்மான். வஹீதா. அடுத்த கேள்வி.

கேள்வி: பசி ஷோபாவைப் பற்றி எழுதுங்கள் ஐயா. என் அம்மா அந்தப் படத்தைப் பற்றி இப்போதும் பேசுவார்.

1979. அவருக்கு எதிரே ஸ்பர்ஷ் படத்தில் பார்வையற்றோர் பள்ளி முதல்வராக நசீருதீன் ஷா. பல வருஷம் நான் நசீர் என்றே எழுதி வைத்திருந்தேன். உதவி என்ற பேச்சு எடுத்தாலே முறுக்கிக்கொள்ளும் அந்த மனிதரை அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருப்பார். பார்வையற்றவர் என்றதும் நம் சினிமாவில் வரும் தடுமாற்றம், வெறித்த பார்வை எதுவும் இருக்காது.

பிறகு பசியை மறுபடி பார்த்தேன். குப்பம்மா குப்பத்தில் காகிதம் பொறுக்கும் பெண். அப்பா ரிக்ஷா இழுப்பவர். ஒரு லாரி ஓட்டுநரை நம்பி ஏமாறுகிறாள். சோகக் காட்சிகளை விட்டுவிட்டு, அவள் சும்மா தெருவில் நடந்து வரும் இடங்களை மட்டும் பார்த்தேன். ஒரு நடிகை குனிந்து காகிதம் எடுத்தால், குனிவது தெரியும். இந்தப் பெண் குனிவதே தெரியவில்லை, தினமும் ஆயிரம் தடவை குனிகிற உடம்பு அது. நசீர் பெயரை அடித்துவிட்டு ஷோபா என்று எழுதினேன். நோட்டில் அடித்தல் உள்ள ஒரே பக்கம் அதுதான். 1980 மே மாதம் அவர் போய்விட்டார், வயது 17. அந்தச் செய்தி என் தீர்ப்பை ஆட்டிவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு வருஷம் தள்ளி வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கேள்வி: வேறொருவர் குரல் கொடுத்த நடிப்புக்கு விருது கொடுப்பது நியாயமா? மணிச்சித்திரத்தாழ் ஷோபனாவை மனதில் வைத்துக் கேட்கிறேன்.

நல்ல கேள்வி. 1993-இல் ஷோபனாவுக்குக் கிடைத்தது, குரல் டப்பிங் கலைஞர்களுடையது. நாகவல்லியாக அவர் மாறும்போது நமக்கு வரும் பயத்தில் பாதி அந்தக் குரலில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மீதிப் பாதி கண்ணும் நடனமும், அது முழுக்க ஷோபனா. குரல் இல்லை என்று நான் யாரையும் வெளியே தள்ள மாட்டேன், ஆனால் போட்டி நெருக்கமாக இருந்தால் அது எடைபோடும்.

அந்த வருஷம் போட்டி நெருக்கம்தான். எதிரே மம்மூட்டி, விதேயனுக்கும் பொந்தன்மாடாவுக்கும் சேர்த்து ஒரே விருது. விதேயனின் தொடக்கத்தில் அடிமை தொம்மியைக் கூப்பிட்டு உதைத்து, மேலே துப்புகிற எஜமானன் பட்டேலரை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பிற்பாடு. மனைவியைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஒளிந்து திரியும்போது, அதே உடம்பு, அதே மீசை, ஆனால் அதிகாரம் கழன்று போயிருக்கும். அடிமையைவிட எஜமானன்தான் அதிகம் பயப்படுகிறான். மம்மூட்டி.

கேள்வி: இரண்டு படத்துக்கு ஒரு விருது என்றால் எதைக் கணக்கில் எடுப்பீர்கள்?

இரண்டில் நல்லதை. 1989-இலும் மம்மூட்டிக்கு அப்படித்தான், ஒரு வடக்கன் வீரகதாவும் மதிலுகளும். வாளும் கம்பீரமும் வீரகதாவில். நான் மதிலுகளை எடுத்தேன். எழுத்தாளர் பஷீராக அவர் சிறையில் இருக்கிறார், சுவருக்கு அந்தப் பக்கம் நாராயணி. படம் முழுக்க நாராயணியின் குரல் மட்டும்தான், கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல். அவள் அங்கே நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், சுவருக்கு மேலே எழும்பி விழும் ஒரு காய்ந்த குச்சி. மம்மூட்டி காதலிப்பது ஒரு செங்கல் சுவரை! எதிரே முகம் இல்லாமல், திரும்பிப் பார்க்கக் கண் இல்லாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வெட்கப்படுவதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள்.

கேள்வி: துணை நடிகர்கள் எப்போதாவது ஜெயித்திருக்கிறார்களா, இல்லை சும்மா கணக்குக்கா?

1994, நாகேஷ். நம்மவர். அந்த வருஷம் சிறந்த நடிகர் நானா படேகர், சிறந்த நடிகை தேபஸ்ரீ ராய். ஆனால் மகளைப் பறிகொடுத்த அந்தப் பேராசிரியர் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டார். அவர் உடைந்துபோகும் காட்சிதான் புகழ்பெற்றது. என் விதிப்படி அதை ஒதுக்கினாலும் அவர்தான் வருகிறார், ஏனென்றால் அதற்கு முன்பு அந்த அப்பா கலகலப்பான மனிதர். சிரிப்பு நடிகர் என்று நமக்குத் தெரிந்த நாகேஷையே காட்டி நம்மை அசந்திருக்கச் செய்துவிட்டு, பிறகு அடிக்கிறார்.

கேள்வி: 2010-இல் ஆடுகளம் தனுஷை எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த வருஷம் ஒரு கூட்டமே இருந்தது. தனுஷும் சலீம் குமாரும் பகிர்ந்துகொண்டார்கள். சரண்யா பொன்வண்ணன் தென்மேற்குப் பருவக்காற்றுக்காக, அவரோடு மராத்தியிலிருந்து மிதாலி ஜக்தாப். துணையில் மைனா தம்பி ராமையாவும் சுகுமாரியும். ஆறு பேர்.

நான் எழுதியது சலீம் குமார், ஆதாமின்டெ மகன் அபு. ஹஜ் போகக் காசு சேர்க்கும் அத்தர் வியாபாரிக் கிழவர். பணம் போதாமல் வீட்டுப் பலாமரத்தை விற்கிறார். வெட்டிப் பார்த்தால் உள்ளே பொக்கை. மர வியாபாரி பரவாயில்லை, பேசிய பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அபு வாங்கவில்லை. இந்த இடத்தைப் புனிதராக நடித்துத் தள்ளியிருக்கலாம். சலீம் குமார் அதை ஒரு சில்லறை வியாபாரியின் கணக்காக மட்டும் செய்கிறார்: சரக்கு இல்லை, காசு வேண்டாம்.

தனுஷுக்கு 2019 இருக்கிறது, அசுரன். மனோஜ் பாஜ்பாயின் போன்ஸ்லே கூடவே விருது வாங்கியது, சூப்பர் டீலக்ஸ் விஜய் சேதுபதியும் அந்த வருஷம்தான். அசுரனில் மகனைக் காப்பாற்ற ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுவதை எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது, சின்ன மகனோடு காட்டுக்குள் தலைமறைவாக நடக்கும் பகுதி. மகன் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான், அது அப்பாவுக்கும் தெரியும். 36 வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரின் நடையை நடந்தார் என்பது பெரிதில்லை. பதில் சொல்லாமல் நடந்தார் பாருங்கள், அது.

கேள்வி: சிவாஜி?

சிறந்த நடிகர் விருது அவருக்குக் கடைசிவரை இல்லை. தேவர் மகனுக்கு 1992-இல் நடுவர் குழுவின் சிறப்பு விருது. சிறப்பு விருதை நான் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் 1992-இல் யோசிக்கவே தேவையில்லை.

கேள்வி: இவற்றில் ஒன்றே ஒன்றை இந்த வாரம் பார்க்க வேண்டுமானால் எது?

1988, பிறவி. ஷாஜி என். கருண் எடுத்தது. எமர்ஜென்சியில் போலீஸ் பிடித்துப்போய்க் காணாமல்போன ராஜன் என்ற மாணவரின் வழக்கு பின்னணி. அப்பாவாக நடித்து விருது வாங்கிய பிரேம்ஜிக்கு அப்போது வயது எண்பதை ஒட்டி, நாடகத்திலிருந்து வந்தவர். கல்லூரியில் படிக்கும் மகன் வருவான் என்று அப்பா தினமும் போய்ப் பேருந்துக்குக் காத்திருந்துவிட்டுத் திரும்புகிறார். அவ்வளவுதான். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்களே, அப்படித்தான் நான் முதலில் பார்த்தேன். மலையாளம் அரைகுறை, சப்டைட்டில் அதைவிட அரைகுறை. ஒதுக்கி வைப்பதற்குப் பெரிய காட்சி என்று ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கேள்வி: கடைசியாக, 2023?

ஏழு பேர். ஷாருக் கான், விக்ராந்த் மாசி, ராணி முகர்ஜி, துணையில் விஜயராகவன், பார்க்கிங் எம்.எஸ். பாஸ்கர், ஊர்வசி, ஜான்கி போடிவாலா. பாஸ்கருக்காக மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் எழுதியது ஊர்வசி. உள்ளொழுக்கு. வீட்டைச் சுற்றி வெள்ளம், செத்த மகனைப் புதைக்க வழியில்லை, தண்ணீர் வடியும்வரை மருமகளோடு அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். அவர் அழுவதைவிட, அழுகைக்கு நடுவே வீட்டு வேலையைக் கவனிப்பதைப் பாருங்கள். பாஸ்கர் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், நான் இங்கேதான் இருப்பேன்.