மேடை மேக்கப்: கேள்விகளும் என் பதில்களும்

அமெச்சூர் நாடகக் குழுக்களுக்கு இருபது வருடத்துக்கும் மேலாக மேக்கப் போட்டு வருகிறேன். சபா மேடை, கல்லூரி விழா, கோயில் திருவிழா, அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்று எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விகள்தான் இப்போதும் வந்திருக்கின்றன. கையில் அனுபவம் இருக்கும்போது சொல்லாமல் வைத்துக்கொள்வது சரியில்லை.

கேள்வி: ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே பேன்கேக்கை (ஈர ஸ்பாஞ்சில் தொட்டு முகத்தில் பூசுகிற கட்டி மேக்கப்) போட்டோம். போட்டோவில் எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறது. என்ன தப்பு செய்தோம்?

எட்டுப் பேருக்கும் ஒரே நிறத்தைப் போட்டதுதான். அதுவும் கடையில் கேட்டிருந்தால் வெளுப்பான நிறத்தைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். மேடைக்குப் போகிறவரை வெள்ளையாக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் அப்படி ஊறிப்போயிருக்கிறது. மேடை விளக்கு தானாகவே முகத்தை வெளுக்கச் செய்யும், அதன் மேல் நாமும் வெளுத்தால் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூத்துப் போகும், கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போலத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ராணி வேடம் போட்ட ஒரு கறுப்பான பெண்ணுக்கு இதே தவறைச் செய்தேன். விங்ஸில், அதாவது மேடையோரத் திரை மறைவில் நின்று கண்ணாடியைப் பார்த்த அந்தப் பெண், ‘இது நான் இல்லையே அண்ணா’ என்றாள். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பேஸ், அதாவது முகத்துக்கு முதலில் பூசுகிற அடிப்பூச்சு, வாங்கும்போது தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் தடவி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். எது தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். மேடைக்கு அதுவோ அதைவிட அரைப் படி அழுத்தமானதோ போதும். கறுப்புத் தோலில் கன்னத்துக்கு ரோஸ் வேண்டாம், செங்கல் சிவப்பு அல்லது அரக்கு. காது, கழுத்து, புறங்கை மூன்றையும் மறக்காதீர்கள்.

கேள்வி: பத்தே நிமிடத்தில் வேர்த்து எல்லாம் வழிந்துவிடுகிறது. ஏசி இல்லாத மண்டபம், மே மாதம் நாடகம்.

தடிமனாகப் போட்டால்தான் நிற்கும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. மெல்லியதாகப் போட்டதுதான் நிற்கும். முகத்தைக் கழுவித் துடைத்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இரண்டு நிமிடம் ஒற்றுங்கள். அப்புறம் ஈர ஸ்பாஞ்சில் பேன்கேக்கை எடுத்து ஒரே ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்த பிறகு தேவையான இடத்தில் மட்டும் இன்னொன்று. எண்ணெய்ப் பசை உள்ள ஸ்டிக் பேஸ் என்றால் பவுடர் கட்டாயம். பஃப்பால் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். மேடைக்கு வெளியே வரும்போது டிஷ்யூவால் ஒற்றுங்கள். துடைத்தால் போச்சு. கைக்குட்டையை நடிகர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பழக்க தோஷத்தில் துடைத்துவிடுவார்.

இன்னொன்று, மேக்கப்புக்கு முன்பே சட்டையைப் போட்டுவிடுங்கள், பட்டன் வைத்ததாக இருக்கட்டும். தலை வழியாக மாட்டுகிற உடை போட்ட மேக்கப்பை எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: ஒட்டு மீசை வசனம் பேசும்போது தூக்கிக்கொள்கிறது. ஃபெவிகால் போடலாமா?

வேண்டவே வேண்டாம். தோலில் ஒட்டுவதற்கென்று ஸ்பிரிட் கம் இருக்கிறது, மேக்கப் சாமான் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மீசை கழன்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பசை இல்லை, உதட்டுக்கு மேலே இருக்கிற எண்ணெயும் பேஸும். அந்த இடத்தில் பேஸ் போடாமல் விடுங்கள். சுத்தமாகச் சவரம் செய்து, பஞ்சால் எண்ணெய் எடுத்து, கம்மை மெல்லியதாகத் தடவி, உடனே ஒட்டாமல் விரலால் தட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று இழுக்கும் பதம் வந்ததும் மீசையை வைத்து, ஈரத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒட்டும்போது நடிகர் லேசாகச் சிரித்தபடி இருக்கட்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒட்டிய மீசை, வாயைத் திறந்ததும் இழுபடும். கழற்ற, ரிமூவரையோ தேங்காய் எண்ணெயையோ ஓரத்தில் ஊறவிட்டு மெதுவாக எடுங்கள்.

கேள்வி: 22 வயதுப் பையன் 70 வயதுத் தாத்தாவாக வர வேண்டும். கோடு கோடாக வரைந்தால் பூனை மாதிரி இருக்கிறான்.

கறுப்புப் பென்சிலைத் தூக்கி உள்ளே வையுங்கள். முதுமை கோட்டில் இல்லை, பள்ளத்திலும் மேட்டிலும் இருக்கிறது. பையனைப் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், கண்ணைச் சுருக்கச் சொல்லுங்கள், எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கேதான் அவனுக்கு வயதாகும்போதும் விழும். அந்த மடிப்பில் அவன் பேஸைவிட இரண்டு படி அழுத்தமான பழுப்பை வைத்து, அதை ஒட்டியே மேல் விளிம்பில் வெளிர் நிறத்தை வைத்து, இரண்டையும் விரலால் கலைத்துவிடுங்கள். நெற்றிப்பொட்டு, கன்னக் குழி, கண்ணுக்குக் கீழே இருக்கிற பை, கழுத்து நரம்பு எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். புருவத்தை எதிர்ப்பக்கமாகச் சீவிவிட்டு அதன் நுனியில் மட்டும் வெள்ளை தொட்டால், அந்த ஒன்றிலேயே பத்து வயது கூடும்.

தலைக்குப் பவுடர் கொட்டாதீர்கள், பேத்தி ஓடிவந்து கட்டிக்கொள்கிற காட்சியில் புகை மூட்டம் போல எழும்பும். பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை கிரீம் கலரைத் தொட்டு, காதோரத்திலிருந்து இழை இழையாக இழுங்கள். எல்லாம் முடிந்ததும் கையைப் பாருங்கள். முகம் எழுபதும் கை இருபத்திரண்டுமாக எத்தனையோ நாடகங்கள் பார்த்துவிட்டேன்.

கேள்வி: கிரீன் ரூமில் அழகாக இருந்த மேக்கப் மேடையில் ஏன் மாறிப்போகிறது?

கிரீன் ரூமில் டியூப் லைட், மேடையில் வேறு விளக்கு. சிவப்பு விளக்கின் கீழே உதட்டுச் சாயமும் கன்னச் சிவப்பும் மறைந்துபோகும். பச்சை விளக்கில் அதே சிவப்பு கறுப்பாகித் தெரியும், கன்னத்தில் ஓட்டை விழுந்தது போல. நீலத்திலும் சிவப்பு இருண்டுவிடும். அம்பர் என்கிற தேன் மஞ்சள் விளக்குதான் நம் தோலுக்கு இதமானது. அதனால் லைட் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். எந்தக் காட்சிக்கு என்ன நிறம் என்று தெரிந்தால் கன்னத்தைப் பழுப்பாக வைப்பதா சிவப்பாக வைப்பதா என்று முடிவு செய்யலாம்.

ஒத்திகை அன்று ஒரே ஒருவருக்காவது முழு மேக்கப் போட்டு மேடையில் நிறுத்துங்கள். நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். அவர் கோபப்படுகிறாரா, அழுகிறாரா என்று அங்கிருந்து தெரிந்தால் உங்கள் மேக்கப் சரி. முப்பது பேர் உட்காருகிற சின்ன அரங்கு என்றால் இதில் பாதிகூட வேண்டாம், பகலில் தெருமுனை நாடகம் என்றால் கண்மையோடு நிறுத்திக்கொள்ளலாம். தெருக்கூத்தில் அவ்வளவு அழுத்தமான நிறங்கள் ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தீப்பந்தத்திலும் பெட்ரோமாக்ஸிலும் விடிய விடிய ஆடியவர்கள், தூரத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் துரியோதனன் வருவது தெரிய வேண்டும்.

கேள்வி: அரிதாரம் என்பது நிஜமாகவே ஒரு பொருளா? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதாமே?

பொருள்தான். மஞ்சள் நிறக் கனிமம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, அதாவது நஞ்சு. அதைப் பூசிய காலத்தின் பெயர் இன்று மேக்கப்புக்கே பெயராக நின்றுவிட்டது. பெயரை மட்டும் வைத்துக்கொள்வோம், பொருளை முகத்தில் வைக்க வேண்டாம். அதே மாதிரி, சிவப்பு வேண்டும் என்று பூஜைக் குங்குமத்தைக் குழைத்து முகம் முழுக்கப் பூசாதீர்கள். சில குங்குமங்களில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

கேள்வி: பள்ளி விழாவில் என் மகனுக்குக் கிருஷ்ணன் வேடம். போஸ்டர் கலர் போடலாம் என்கிறார்கள்.

காகிதத்துக்கான கலர் குழந்தையின் தோலுக்கு ஆகாது. ஃபேப்ரிக் பெயிண்ட், அக்ரிலிக் எதுவும் கூடாது. முகத்துக்கென்றே விற்கிற, தண்ணீரில் கரைகிற கலர் வாங்குங்கள். முந்தின நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி மறுநாள் வரை பாருங்கள், சிவந்தால் அது வேண்டாம். முகம், கழுத்து, கைகள் போதும். உடம்புக்கு நீல பனியன் போட்டுவிடுங்கள், குழந்தைக்கு வேர்க்க இடம் வேண்டும். கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆண் பெண் வேடம் போட்டால் தாடியின் பச்சை நிழல் தெரிகிறது.

சவரம் செய்து அரை மணி நேரம் கழித்து, பேஸுக்கு முன்னால் அந்த இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தை மெல்லியதாக ஒற்றுங்கள். அது பச்சையைக் கொன்றுவிடும், மேலே வழக்கமான பேஸ். புருவத்தை மழிக்க வேண்டியதில்லை. டி.கே.சண்முகம் ஔவையார் வேடம் போட்டு ஔவை சண்முகம் என்றே பெயர் வாங்கிய ஊர் இது. இந்த வேடத்தை யாராவது கேலிக்காகப் போடச் சொன்னால் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

கேள்வி: மூக்குக் கண்ணாடி பளபளக்கிறது.

லென்ஸைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிரேம்.

கேள்வி: குழுவுக்கு ஒரே கண்மை, ஒரே லிப்ஸ்டிக் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் நாடகம் முடிந்த வாரமே பாதிக் குழுவுக்கு வந்துவிடும். காசு குறைவென்றால் பேஸையும் பவுடரையும் பொதுவில் வாங்குங்கள், ஸ்பாஞ்சும் கண்மையும் ஆளுக்கு ஒன்று. லிப்ஸ்டிக்கைக் கத்தியால் கொஞ்சம் சுரண்டித் தட்டில் வைத்து, ஆளுக்கொரு இயர் பட்டால் எடுத்துப் போடலாம்.

கேள்வி: நாடகம் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு அப்படியே தூங்கிவிடுகிறேன். மறுநாள் முகமெல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறது.

எவ்வளவு அசதியானாலும் கலைத்துவிட்டுப் படுங்கள். சோப்பு முதலில் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள், பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழாக வழித்து எடுங்கள், துணி வெள்ளையாக வரும் வரை. கண்ணிமைக்குத் தனித் துணி. பிறகு மிதமான சோப்பு, நிறையத் தண்ணீர். முகப்பரு வருகிற தோல் என்றால் எண்ணெயை மிச்சம் வைக்காமல் இரண்டு முறை கழுவுங்கள். அந்தப் பொரி அடங்கும் வரை அடுத்த ஒத்திகைக்கு மேக்கப் போடாதீர்கள்.